பூமியில் நடமாட முடியாதவர்கள்

ஜும்ஆ உரை – 18.06.2021



கண்ணியமானவர்களே! 2021 ஜூனில் பள்ளிவாசல்கள் இன்னும் திறக்கப்படவில்லை. அதனால் அந்த வாரமும் மிம்பரில் பேச வேண்டியதை எழுத்தாகத் தந்தோம். ளுஹர் தொழுததும் குடும்பத்தாரை உட்கார வைத்து ஒருவர் வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். பெண்களும் பிள்ளைகளும் கூடவே இருக்கட்டும். இந்த வாரச் செய்தியில் பாதி அவர்களுக்குரியது.

சூரத்துல் பகராவில் 261-வது ஆயத்திலிருந்து 274 வரை, தொடர்ந்து பதினான்கு ஆயத்துகளில் அல்லாஹு தஆலா கொடுப்பதைப் பற்றியே பேசுகிறான். எப்படிக் கொடுப்பது, எதைக் கொடுப்பது, கொடுத்த பிறகு எப்படி இருப்பது, யாருக்குக் கொடுப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பதினான்கில் 271, 272, 273 ஆகிய மூன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். நமக்குப் பக்கத்தில் இருக்கிற பழனி மலையையும் அதன் உச்சியில் இருக்கிற கொடைக்கானலையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் ஓதிப் பார்த்தால், இந்த வாரத்திற்காகவே இறங்கியது போலத் தெரிகிறது.

கேட்காதவர் யார்?

273-வது ஆயத்திலிருந்து தொடங்குவோம். தர்மம் யாருக்கு உரியது என்று அல்லாஹ் அதில் சில அடையாளங்களைச் சொல்கிறான். அவர்கள் அல்லாஹ்வின் பாதையில் தடுக்கப்பட்டவர்கள். பிழைப்புத் தேடிப் பூமியில் நடமாட அவர்களால் முடியாது. அவர்களுடைய மானத்தைப் பார்த்து, விவரம் தெரியாதவன் அவர்களை வசதியானவர்கள் என்று நினைத்துவிடுவான். முகத்தைப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். மனிதர்களிடம் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள்.

இந்த ஆயத்து மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த ஏழை முஹாஜிர்களைப் பற்றி இறங்கியது என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். மக்காவில் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் அவர்கள். மதீனாவில் நிலமும் கிடையாது, வியாபாரமும் கிடையாது. வெளியே போனால் எதிரிகள். இறங்கிய காரணம் அவர்கள்தான் என்றாலும், நோயாலோ பயத்தாலோ பிழைப்புக்கு வெளியே போக முடியாமல் தடுக்கப்பட்டவர்களையும் அந்தச் சொற்களின் பொருள் தொடுகிறது.

இதை வைத்துக்கொண்டு மலையைப் பாருங்கள். 2021 ஏப்ரல் 20-ஆம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று அரசு தடை விதித்தது. மே 10-லிருந்து முழு ஊரடங்கு. ஜூனில் சில தளர்வுகள் வந்த பிறகும், கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு, ஏலகிரி, குற்றாலம் போன்ற இடங்களுக்கு அவசரக் காரணம் இருந்தால் மட்டும், மாவட்ட ஆட்சியரிடம் இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் போக முடிந்தது. நோயைத் தடுக்க இது தேவைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊர் மக்கள் வருஷம் முழுவதும் சாப்பிடுவது ஏப்ரல், மே சீசனில் சம்பாதிப்பதை வைத்து. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு போட்டபோது ஒரு சீசன் போனது. 2021-ல் இரண்டாவது சீசனும் போய்விட்டது. பிரையண்ட் பூங்காவில் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சி அந்த இரண்டு வருஷமும் நடக்கவில்லை.

ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டுகிறவர், சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர், கோக்கர்ஸ் வாக் வாசலில் சோளக்கதிர் சுடுகிற அம்மா, தூண் பாறையில் போட்டோ எடுத்துக் கொடுக்கிறவர், வேன் டிரைவர், கைடு, லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற பெண், வீட்டில் சாக்லேட் செய்து கடைக்குப் போடுகிற குடும்பம். இவர்களில் யாரும் நேற்று வரை யாரிடமும் கை நீட்டியவர்கள் கிடையாது. நம் பிள்ளைகள் குதிரையில் ஏறி உட்கார்ந்தபோது பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் கூச்சத்தோடு வாங்கியவர்கள். சட்டை சுத்தமாக இருக்கும், வீட்டுக்கு வெளியே வண்டி நிற்கும். அந்த வண்டிக்கு மாதத் தவணை கட்ட வழியில்லை என்பது வெளியே தெரியாது. விவரம் தெரியாதவன் வசதியானவர்கள் என்று நினைப்பான் என்று அல்லாஹ் சொன்னது இதைத்தான்.

நபி (ஸல்) அவர்கள் மிஸ்கீனுக்குச் சொன்ன விளக்கமும் இதேதான். ஒரு கவளம், இரண்டு கவளம், ஒரு பேரீச்சம்பழம், இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்துத் திருப்பி அனுப்பப்படுகிறவன் அல்ல மிஸ்கீன். தேவைக்குப் போதாது, அவனுடைய நிலையும் யாருக்கும் தெரியாது, எழுந்து நின்று கேட்கவும் மாட்டான், அவனே மிஸ்கீன் என்ற கருத்தில் விளக்கினார்கள். (புகாரி, முஸ்லிம்)

அப்படியானால் வாசலுக்கு வருகிறவருக்குக் கொடுத்துவிட்டு, இந்த வருஷம் தர்மம் முடிந்தது என்று உட்கார முடியாது. வாசலுக்கு வராதவரை நாம் தேடிப் போக வேண்டும்.

உமர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரி 18-ம்

ஹிஜ்ரி 18-ஐ ஒட்டிய காலத்தில் இஸ்லாமிய சமுதாயத்திற்கு இரண்டு பெரிய சோதனைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஹிஜாஸ் பகுதியில் வந்த கடும் பஞ்சம். மழை இல்லாமல் மண் சாம்பலாகப் பறந்ததால் அதற்குச் சாம்பல் ஆண்டு என்றே பெயர். மற்றொன்று ஷாம் நாட்டில் அம்வாஸ் என்ற ஊரிலிருந்து பரவிய கொள்ளைநோய். பசி ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம். நாம் இப்போது இருக்கிற நிலைமைக்கு இதைவிட நெருக்கமான பாடம் நம் வரலாற்றில் இல்லை.

பஞ்சத்தில் உமர் (ரலி) என்ன செய்தார்கள்? மக்கள் பழைய நிலைக்கு வரும் வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். எண்ணெய் மட்டுமே சாப்பிட்டு அவர்களுடைய நிறமே கறுத்துப்போனது என்று அறிவிக்கிறார்கள். இது நமக்குத் தெரிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று இருக்கிறது. வெளி மாகாண ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவு கேட்டார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் ஷாமிலிருந்து 4,000 ஒட்டகங்களில் உணவு ஏற்றி வந்து சேர்ந்தார்கள். வந்த உணவையெல்லாம் மதீனாவில் கொட்டி வைத்து, வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று உமர் (ரலி) சொல்லவில்லை. ஒட்டகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு, பாலைவனத்தில் சிதறிக் கிடக்கிற கிராமத்து மக்களின் பக்கம் திருப்பிவிடச் சொன்னார்கள். மாவு மூட்டையின் துணியைப் போர்வையாகக் கொடுங்கள், சுமந்து வந்த ஒட்டகத்தையே அறுத்துக் கொடுங்கள், கொழுப்பை உருக்கி வைத்துக்கொள்ளட்டும் என்ற அளவுக்கு விவரமாக உத்தரவு போட்டார்கள் என்று வரலாற்று நூல்களில் வருகிறது.

பசித்தவன் நடந்து வர முடியாது, உணவுதான் நடந்து போக வேண்டும். உமர் (ரலி) இதைப் புரிந்து வைத்திருந்தார்கள்.

இந்த மலையில் வெள்ளகெவி என்று ஓர் ஊர் இருக்கிறது. வட்டக்கானலிலிருந்து கீழே இறங்கியும் போகலாம், பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியிலிருந்து மேலே ஏறியும் போகலாம். 2021-ல் எப்படிப் போனாலும் கால்நடைதான். வண்டிப் பாதை இருக்கவில்லை. உப்பு, எண்ணெய், தீப்பெட்டி எல்லாம் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோ போக வேண்டியிருந்தது. சின்னூர், பெரியூர் பக்கமும் அப்படித்தான். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பாச்சலூர், ஆடலூர் பக்கம் பளியர்களும் புலையர்களும் வாழ்கிற சின்னச் சின்னக் குடியிருப்புகள் இருக்கின்றன. தேன், கடுக்காய், மிளகு என்று காட்டில் எடுத்ததைச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றும், காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போயும் பிழைப்பவர்கள். சந்தை இல்லை, பஸ் இல்லை என்றால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

அரசு கொடுக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கொடுக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அரிசி கார்டுக்கு 4,000 ரூபாய் என்று அறிவித்து முதல் தவணை 2,000 2021 மே மாதம் வந்தது. இரண்டாம் தவணை 2,000 ரூபாயும் 14 வகை மளிகைச் சாமான்களும் ஜூன் மாதம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல உதவி, நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் கார்டே இல்லாத குடும்பம் இருந்தால் அதற்கு இது போய்ச் சேராது. தோட்டத்திலும் ஓட்டலிலும் வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட வடமாநிலத் தொழிலாளியின் கார்டு அவன் ஊரில் இருக்கும். கார்டு இருப்பவருக்கும், பிரஷர் மாத்திரைக்கும் குழந்தையின் பால் மாவுக்கும், மூச்சுத்திணறல் வந்தவரைக் கீழே தேனி க.விலக்கு ஆஸ்பத்திரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோகிற வண்டிச் செலவுக்கும் ரேஷன் அரிசி உதவாது. நம்முடைய வேலை அரசு செய்ததைத் திரும்பவும் செய்வதல்ல. அது எட்டாத இடம் எது என்று பார்ப்பது.

பொருள் ஏறட்டும், கூட்டம் ஏற வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். அம்வாஸ் நோய் பரவியபோது ஷாமுக்குப் போய்க்கொண்டிருந்த உமர் (ரலி), ஸர்க் என்ற இடத்தில் செய்தி கேட்டு, தோழர்களிடம் ஆலோசித்துவிட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கிற ஊரில் பரவினால் தப்பி ஓடி வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார்கள். (புகாரி, முஸ்லிம்)

இந்த நபிமொழியை நாம் நம்மைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் நினைவில் வைக்கிறோம். அடுத்தவரைக் காப்பாற்றவும் இது வந்தது. 2021-ல் தொற்று அதிகம் இருந்தது சமவெளி நகரங்களில். நாம் இருபது பேர் ஒரு வேனில் ஏறி, மலைக் குடியிருப்பில் போய் இறங்கி, வரிசையில் நிற்க வைத்து அரிசிப் பை கொடுத்துவிட்டு வந்தால், அரிசியோடு சேர்த்து எதைக் கொடுத்துவிட்டு வருகிறோம்? ஆஸ்பத்திரிக்குப் போக அரை நாள் நடக்க வேண்டிய ஊர் அது.

அம்வாஸ் நோயில் அபூ உபைதா (ரலி) ஷஹீதானார்கள். ஹிஜாஸின் பசி தீர்க்க 4,000 ஒட்டகம் கொண்டுவந்த அதே அபூ உபைதா. அவர்களுக்குப் பின் முஆத் இப்னு ஜபல் (ரலி) பொறுப்புக்கு வந்து அவர்களும் ஷஹீதானார்கள். அதற்குப் பிறகு அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள், அதன் பின் நோய் அடங்கியது. கொடைக்கானலே 1845-ல் மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பித்துத் தங்க உருவாக்கிய ஊர்தான். நோய்க்குப் பயந்து மனிதன் தேடிப் போன மலைக்கு நோயைக் கொண்டுபோகிறவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது.

ஆகவே, பொருள் மட்டும் ஏறட்டும். முறையாக அனுமதி வாங்கி, ஓரிருவர், முகக்கவசத்தோடு, முடிந்தால் தடுப்பூசி போட்டவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். பங்கிடுவதை அந்த ஊர்க்காரர்களே செய்யட்டும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. மலையில் இருக்கிற ஜமாஅத், பள்ளி ஆசிரியர், கிராம நர்ஸ், ரேஷன் கடைக்காரர் இவர்களில் ஒருவரிடம் போனில் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசி போட்டால் செத்துப்போவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம் ஆட்களும் மலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். விசாரிக்காமல் கேட்டதையெல்லாம் பரப்புவது பொய் சொல்வதற்குச் சமம் என்று எச்சரித்த நபியின் உம்மத் நாம்.

போட்டோ வேண்டாம்

271-வது ஆயத்துக்கு வருவோம். தர்மத்தை வெளிப்படையாகச் செய்தால் நல்லதுதான், மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்பது அதன் கருத்து.

அலீ ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் மதீனாவில் இரவு நேரத்தில் ரொட்டி மூட்டையை முதுகில் சுமந்துபோய் ஏழைகளின் வீடுகளில் கொடுத்துவந்தார்கள். யார் கொடுக்கிறார் என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியாது. அவர்கள் இறந்த பிறகு அந்த உதவி நின்றுபோனது. குளிப்பாட்டும்போது முதுகில் மூட்டை சுமந்த கறுப்புத் தழும்பு இருந்தது. அப்போதுதான் மதீனாவுக்கு விஷயம் புரிந்தது.

இன்று ஐந்து கிலோ அரிசியை எட்டுப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கிற படங்களைப் பார்க்கிறோம். வாங்குகிறவர் குனிந்திருக்கிறார், கொடுக்கிறவர்கள் கேமராவைப் பார்க்கிறார்கள். அந்தக் குதிரைக்காரரின் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அவனுடைய நண்பனின் போனில் அப்பாவின் படம் வருகிறது. ஆறு மாதம் கழித்து அதே அப்பா ஏரிக்கரையில் நின்று தொழில் செய்ய வேண்டும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதும் மனம் நோகச் செய்வதும் தர்மத்தையே அழித்துவிடும் என்று 264-வது ஆயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். வாயால் சொல்லிக்காட்டினால்தான் குற்றமா, படம் போட்டால் இல்லையா?

கணக்குக் காட்ட வேண்டாமா என்று கமிட்டிக்காரர்கள் கேட்பது நியாயம். எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு, எத்தனை குடும்பம் என்று ரசீதோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மூட்டைகளைப் படம் எடுங்கள். ஆயத்தில் வெளிப்படையாகக் கொடுப்பதற்கும் இடம் இருக்கிறது. பணம் பகிரங்கமாக இருக்கட்டும், முகம் மறைந்திருக்கட்டும்.

எதைக் கொடுப்பது என்பதற்கு 267-வது ஆயத்து இருக்கிறது. உங்களுக்கே யாராவது கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தவிர வாங்க மாட்டீர்களே, அப்படிப்பட்ட மட்டமானதைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள் என்கிற கருத்து அதில் வருகிறது. பெண்கள் இதைக் கவனியுங்கள். துணி சேகரிக்கிறோம் என்று அறிவித்தால் பட்டன் போன சட்டையும் சாயம் போன நைட்டியும் மூட்டை மூட்டையாக வருகிறது. கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி உயரம். மழையும் பனியும் சேர்ந்தால் நம் ஊர்ப் பருத்தி விரிப்பு அங்கே எதற்கும் ஆகாது. பழைய துணி பத்து மூட்டைக்குப் பதில் புதுக் கம்பளி பத்து கொடுங்கள். வளர்ந்த பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாப்கின் வேண்டும், அதைப் பட்டியலில் எழுத ஆண்களுக்குத் தோன்றாது, நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

யாருக்கு என்று கேட்பவர்களுக்கு

நடுவில் இருக்கிறது 272-வது ஆயத்து. அவர்களை நேர்வழிப்படுத்துவது உம்முடைய பொறுப்பல்ல, நாடியவர்களை அல்லாஹ்வே நேர்வழிப்படுத்துகிறான் என்று நபியவர்களிடம் சொல்லிவிட்டு, நீங்கள் செலவழிக்கிற நன்மை உங்களுக்கே என்று தொடர்கிறான். கொடுப்பதைப் பற்றிய பேச்சின் நடுவில் நேர்வழி எங்கிருந்து வந்தது? ஸஹாபாக்களில் சிலர், இஸ்லாத்துக்கு வராத தங்கள் உறவினர்களுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நீக்கவே இந்த ஆயத்து இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. கொள்கையைப் பார்த்துக் கொடுக்காதே, பசியைப் பார்த்துக் கொடு என்பது இதிலிருந்து கிடைக்கிற சட்டம்.

ஜகாத்தின் விஷயம் தனி. அதற்கு உரியவர்களை அத்தவ்பா சூராவின் 60-வது ஆயத்து வரையறுத்துவிட்டது, அது முஸ்லிம்களில் உரியவர்களுக்கே போக வேண்டும் என்பதே பெரும்பான்மை இமாம்களின் கருத்து. ஸதகாவுக்கு அந்த எல்லை இல்லை. ஆகவே வசூலிக்கும்போதே இரண்டையும் தனித்தனி உண்டியலில் வாங்குங்கள். கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

இன்னொன்றையும் மனம் திறந்து பேச வேண்டும். 2020 மார்ச் கடைசியில், டெல்லி நிஜாமுத்தீன் விஷயத்தை வைத்து நோயையே நம் பெயரில் எழுதினார்கள். நம் வியாபாரிகளிடம் காய்கறி வாங்கக் கூடாது என்று கூடப் பேசினார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. 2021 அலையில் தமுமுக போன்ற அமைப்புகளின் இளைஞர்கள், சொந்தக்காரர்களே நெருங்கத் தயங்கிய உடல்களை, மதம் பார்க்காமல் அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்து கொடுத்தார்கள். இதைப் பார்த்து, இப்போதாவது நம்மைப் புரிந்துகொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் அந்த ஆசைக்காகக் கொடுத்தால், புரிந்துகொள்ளாதவன் ஒருவன் வந்ததும் கை மூடிக்கொள்ளும். ஏழைக்கும் அனாதைக்கும் கைதிக்கும் உணவளித்துவிட்டு, உங்களிடம் கூலியும் வேண்டாம் நன்றியும் வேண்டாம் என்று இருப்பவர்களைத்தான் அத்தஹ்ர் சூராவில் அல்லாஹ் புகழ்கிறான். அன்றைய கைதி யார்? நம்மை எதிர்த்துப் போருக்கு வந்தவன்.

கொடுக்காமலே கொடுப்பது

மானம் உள்ளவருக்கு உதவ நபி (ஸல்) அவர்களிடம் ஓர் அழகான வழி இருந்தது. ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதாகி, கடனையும் பெண்பிள்ளைகளையும் விட்டுச் சென்றிருந்தார்கள். ஒரு பயணத்தில் ஜாபிரின் களைத்துப்போன ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் விலை பேசி வாங்கினார்கள். மதீனா வந்ததும் விலையைக் கொடுத்தார்கள். பிறகு ஒட்டகத்தையும் நீரே வைத்துக்கொள்ளும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். (புகாரி, முஸ்லிம்) ஜாபிர் (ரலி) யாரிடமும் கேட்கவில்லை, ஒரு வியாபாரம் செய்தார்கள்.

இதை மலையில் எப்படிச் செய்வது? பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிற மலைப்பூண்டு வழக்கமாக வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும். கேரட்டும் பீன்ஸும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வரும். ஊரடங்கில் விலை பேச ஆள் இருக்கவில்லை. திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனி, பெரியகுளத்தில் மொத்த வியாபாரம் செய்கிற நம் சகோதரர்கள், விவசாயியின் அவசரத்தைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்காமல் நியாய விலைக்கு வாங்கினாலே அது ஸதகாவின் இடத்தில் நிற்கும். ஒவ்வொரு வருஷமும் கொடைக்கானல் போகிற குடும்பம், வழக்கமாகப் போகிற வேன்காரருக்கு அடுத்த சீசனுக்கான முன்பணத்தை இப்போதே அனுப்பலாம். அவர் வாங்கிக்கொள்வார், தலை குனிய மாட்டார்.

குதிரைகளை மறந்துவிடாதீர்கள். குதிரைக்கு ஊரடங்கு தெரியாது, அதற்குக் கொள்ளும் தவிடும் தினமும் வேண்டும். ஓர் அன்சாரியின் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டபோது, இதைப் பசியோடு போடுகிறீரே என்று அவர்கள் அதன் உரிமையாளரைக் கண்டித்தார்கள். (அபூதாவூத்) மலைக்கு நாலு மூட்டை அரிசி போகும்போது ஒரு மூட்டை கொள்ளும் சேர்ந்து போகட்டும்.

பகராவின் இந்தப் பகுதி முடிந்ததும் அடுத்த ஆயத்து, 275, எதைப் பற்றி ஆரம்பிக்கிறது தெரியுமா? வட்டியைப் பற்றி. ஸதகா நின்றுபோன இடத்தில் வட்டி நுழையும் என்பதை வரிசையே காட்டுகிறது. மலையில் இரண்டு சீசன் போனவர் இப்போது யாரிடம் போவார்? கந்து வட்டிக்காரரிடம். ஜமாஅத்துகள் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டும். திரும்பி வராத கடனும் இருக்கும், அதை எண்ணிக்கொண்டே ஒதுக்குங்கள். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுங்கள், தள்ளுபடி செய்வது இன்னும் சிறந்தது என்ற கருத்தை 280-வது ஆயத்து சொல்கிறது. கொடைக்கானலில் கடையும் காட்டேஜும் வாடகைக்கு விட்டிருக்கிற சகோதரர்கள் இதைத் தனியாக ஒருமுறை ஓதிப் பாருங்கள். மூடியிருந்த கடைக்கு மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டால் சட்டப்படி தப்பில்லாமல் இருக்கலாம். மக்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஒருவர், கஷ்டப்படுபவரை விட்டுவிடுங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவைத்த ஒரே காரணத்தால் அல்லாஹ் அவரை மன்னித்தான் என்ற ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்) உங்களுக்காகவே இருக்கிறது.

இருப்பதைச் சேர்ப்பது

எங்களிடமே இல்லையே என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், நம் வீடுகளிலும் வருமானம் இல்லை. அஷ்அரீ குலத்தாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. போரிலோ ஊரிலோ உணவு குறைந்தால், இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது இந்த ஏழைகளின் பழக்கத்தைப் பார்த்துத்தான். (புகாரி, முஸ்லிம்)

கைவசம் வசதி இருப்பவர்களுக்கு ஒரு சட்டம். ஜகாத் வருஷம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே கொடுக்கலாமா என்று அப்பாஸ் (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். (திர்மிதீ) ஷாஃபிஈ, ஹனஃபீ இரண்டு மத்ஹபிலும் இதற்கு இடம் உண்டு. அடுத்த ரமளானில் கொடுக்க வேண்டியதை இப்போதே கொடுங்கள். 2020 ரமளானில் நோன்புக் கஞ்சிக்காக அரசு கொடுத்த 5,450 டன் அரிசியை, பள்ளியில் காய்ச்ச முடியாது என்றதும் அரிசியாகவே வீடு வீடாகப் பங்கிட்டோமே, அதுபோல முறையை மாற்றிக்கொள்ள நமக்குத் தெரியும்.

கடைசியாக, ஹஜ்ஜுக்குப் பணம் வைத்திருப்பவர்கள். 2021-லும் வெளிநாட்டிலிருந்து யாரும் ஹஜ்ஜுக்கு வர முடியாது, சவூதியில் இருப்பவர்களில் 60,000 பேருக்கு மட்டுமே அனுமதி என்று அந்த ஜூன் மாதம் அறிவித்தார்கள். பலருடைய கண்ணில் தண்ணீர் வந்திருக்கும்.

அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) ஒரு வருஷம் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில், குப்பையில் போட்ட செத்த பறவையை ஒரு சிறுமி எடுத்து ஒளித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார்கள். விசாரித்தபோது, அவளும் அவள் சகோதரனும் சில நாட்களாக அதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. பணப் பொறுப்பாளரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். ஆயிரம் தீனார். மர்வ் நகருக்குத் திரும்பிப் போக இருபது தீனாரை எடுத்துக்கொண்டு மீதியை அவளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். இந்த வருஷம் நம் ஹஜ்ஜை விட இதுவே சிறந்தது என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இதில் குழப்பிக்கொள்ளக் கூடாது. இப்னுல் முபாரக் போனது நஃபிலான ஹஜ். ஃபர்ளான ஹஜ் இன்னும் நிறைவேற்றாதவர் அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், வழி திறந்ததும் போக வேண்டும், அந்தக் கடமை அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே ஹஜ் செய்துவிட்டு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எடுத்து வைத்தவர்கள், வருஷா வருஷம் உம்ரா போகிறவர்கள், உங்களிடம் அந்தத் தொகை இன்று சும்மா இருக்கிறது. அதில் ஒரு பங்கை எடுத்துவைத்து, வெள்ளகெவிக்கு எத்தனை சுமை ஏற்றலாம் என்று உங்கள் ஊர் முத்தவல்லியிடம் இன்று அஸருக்குள் போனில் கேளுங்கள்.

யா அல்லாஹ்! நோயில் கிடப்பவர்களுக்கு ஷிஃபாவையும், வருமானம் இழந்தவர்களுக்கு ஹலாலான ரிஸ்கையும், மலையேறிச் சுமப்பவர்களின் கால்களுக்கு பலத்தையும் கொடுப்பாயாக. ஆமீன்.